பாடமும் பயிற்சியும்: ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்

பரிமாற்றத் திட்டத்தில் இடம் கிடைத்த அன்றே பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலைத் திறந்து, பிடித்த தலைப்புகளை எல்லாம் குறித்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறோம். ரோபாட்டிக்ஸ், மெஷின் லேர்னிங், ஆட்டோமோட்டிவ் என்று ஒரு பக்கம் நிறைந்துவிடும். அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். தலைப்பு பார்ப்பது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் பார்க்க வேண்டியது காலண்டர். பாடம், தேர்வு, இன்டர்ன்ஷிப், நம் ஊரில் நடக்கும் பிளேஸ்மென்ட் நான்கும் ஒரே மாதங்களுக்காக அடித்துக்கொள்ளும். யாருக்கு எந்த மாதம் என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுக்காவிட்டால் நான்கிலும் அரைகுறையாகத் திரும்புவீர்கள்.

இந்த அத்தியாயம் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் பி.இ., பி.டெக். அல்லது முதுநிலை படித்துக்கொண்டே ஒரு செமஸ்டர் மட்டும் ஜெர்மனி போகிறவர்களுக்கானது. முழுப் பட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. ஜெர்மனியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் சென்னை ஐஐடி தொடங்கிய நாளிலிருந்தே அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களோடு இங்கே உறவு இருக்கிறது. பின்னாளில் வேறு பல கல்லூரிகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அரசுப் பல்கலைக்கழகங்கள் பரிமாற்ற மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதும் நம் வீடுகளில் பெரிய விஷயம்.

இரண்டு காலண்டர்கள்

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. ஆனால் வகுப்புகள் அக்டோபர் நடுவில்தான் தொடங்கும், பிப்ரவரி முதல் பாதியில் முடியும். நடுவே கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் விடுமுறை. தேர்வுகள் பிப்ரவரியில் நடக்கும், சில பாடங்களுக்கு மார்ச் வரை இழுக்கும். கோடை செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. வகுப்பு ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை, தேர்வுகள் ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை சிதறிக் கிடக்கும்.

நம் பக்கம் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை முதல் நவம்பர் வரை, இரட்டைப்படை செமஸ்டர் டிசம்பர் அல்லது ஜனவரி முதல் மே வரை. இரண்டையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக வரைந்து பாருங்கள், எங்குமே ஒட்டாது. ஐந்தாம் செமஸ்டரில் குளிர்காலத்துக்குப் போனால், திரும்பும்போது ஆறாம் செமஸ்டரில் இரண்டு மாதம் ஓடியிருக்கும். ஆறாம் செமஸ்டரில் கோடைக்குப் போனால், மார்ச் கடைசியில் பாதி வகுப்பில் கிளம்பி, ஏழாம் செமஸ்டர் தொடங்கிய பிறகு வந்து சேர வேண்டும். பல கல்லூரிகளில் கம்பெனிகள் வளாகத்துக்குள் வருவதும் அந்த நேரத்தில்தான்.

என் கருத்து, நான்காண்டுப் படிப்பில் ஐந்தாம் செமஸ்டர்தான் பாதுகாப்பு. அட்டெண்டன்ஸ் பிரச்சினை வரும், ஆனால் அது கடிதம் எழுதித் தீர்க்கக்கூடிய பிரச்சினை. ஆறாம் செமஸ்டர்தான் கிடைக்கிறது என்றால், ஜூலைக்குள் தேர்வு முடியும் பாடங்களாகப் பார்த்து எடுங்கள். ஏழாவது வேண்டவே வேண்டாம்.

எல்லா ஜெர்மன் நிறுவனங்களும் ஒரே காலண்டரில் ஓடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஃபாஹ்ஹோக்ஷூலே எனப்படும் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்கள் பல, செப்டம்பர் கடைசி வாக்கில் வகுப்பைத் தொடங்கி, பிப்ரவரி முதல் வாரங்களுக்குள் தேர்வை முடித்துவிடுகின்றன. மான்ஹைம் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் தேர்வு முடித்து அனுப்பிவிடும். எம்.பி.ஏ., பொருளாதார மாணவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஜனவரியில் கல்லூரிக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்பவர்கள், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இந்தத் தேதிகளைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

எச்.ஓ.டி.யின் கையெழுத்து

ஐரோப்பாவில் பாடச் சுமையை இசிடிஎஸ் கிரெடிட்டில் அளக்கிறார்கள். ஒரு செமஸ்டருக்கு 30. ஜெர்மனியில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, பெரும்பாலான இடங்களில் 30 என்றே கணக்கு. வகுப்பில் உட்காருவது, வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். அதாவது முழுச் சுமை எடுத்தால் செமஸ்டருக்கு 900 மணி நேரம். நம் கிரெடிட், வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்பதை வைத்துப் போடப்படுவது. ஆகவே அங்கே 6 கிரெடிட் வாங்கினால் இங்கே 6 கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 4 தரும் கல்லூரி உண்டு, 3 தரும் கல்லூரியும் உண்டு. உங்கள் கல்லூரியின் விதி என்ன என்பதைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

லேர்னிங் அக்ரிமென்ட் என்று ஒரு படிவம் வரும். நீங்கள், உங்கள் கல்லூரி, அங்குள்ள பல்கலைக்கழகம் மூன்று தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, அது இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று எழுத வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கோர் பாடத்துக்கு ஈடு கேட்டால் துறையில் சிலபஸை யூனிட் யூனிட்டாகப் பொருத்திப் பார்ப்பார்கள். நம் ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் ஐந்து யூனிட் என்றால், ஜெர்மன் பேராசிரியர் அதில் மூன்றைத்தான் நடத்துவார், ஆனால் அந்த மூன்றை ஆழமாக நடத்துவார். விதிப்படி பார்த்தால் ஈடு கிடைக்காது. திரும்பி வந்து ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்தப் பேப்பரை எழுத வேண்டியிருக்கும்.

அதனால் எலக்டிவ் பாடங்களைச் சேமித்து வையுங்கள். புரஃபெஷனல் எலக்டிவ், ஓப்பன் எலக்டிவ் இரண்டுக்கும் சிலபஸ் ஒட்டிப்போக வேண்டும் என்ற நெருக்கடி குறைவு. போகும் செமஸ்டரில் கோர் பாடம் இருந்தால் அதை முன்னாலோ பின்னாலோ நகர்த்த முடியுமா என்று ஓர் ஆண்டு முன்பே எச்.ஓ.டி.யிடம் கேளுங்கள். கேட்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒவ்வொரு பாடத்தின் விவரத் தாளையும் அச்செடுத்து, ஈடாக நீங்கள் நினைக்கும் பாடத்தை அதன் மேலேயே பென்சிலில் எழுதிக் கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டால் போதும், ஆனால் கேட்டே ஆக வேண்டும்: அங்கே வாங்கும் கிரேடு இங்கே சிஜிபிஏவில் சேருமா, வெறும் தேர்ச்சியாகப் பதிவாகுமா? ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 விளிம்பில் தேர்ச்சி, 5.0 தோல்வி. நம் மதிப்பெண்ணை அந்த அளவுக்கு மாற்ற அவர்கள் 'பவேரியன் ஃபார்முலா'வைப் பயன்படுத்துகிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவது. பத்துக்கு 8, தேர்ச்சி எல்லை 5 என்றால் விடை 2.2. அதே கணக்கைத் திருப்பிப் போட்டு நம் கல்லூரி மதிப்பெண் தருமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கிரேடு சேரும் என்றால் கொஞ்சம் பார்த்து எடுங்கள். தேர்ச்சி மட்டும்தான் பதிவாகும் என்றால் துணிந்து கஷ்டமான பாடத்தை எடுங்கள், இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு முறை வராது.

பாட விவரத் தாளை வாசிப்பது

ஒவ்வொரு பாடத்துக்கும் மாடுயூல் கையேட்டில் ஒன்றிரண்டு பக்கம் இருக்கும். பாட விளக்கத்தைப் படித்துவிட்டு மற்றதைத் தள்ளிவிடுவது வழக்கம். நீங்கள் தலைகீழாகப் படியுங்கள், அதாவது கடைசியில் உள்ள கட்டங்களிலிருந்து. மாதிரிக்கு ஒன்று: 6 கிரெடிட். மொத்தம் 180 மணி, அதில் வகுப்பு 60, சுயபடிப்பு 120. குளிர்காலத்தில் மட்டும். மொழி ஆங்கிலம். தேர்வு 90 நிமிட எழுத்துத் தேர்வு. முன்தேவை: கன்ட்ரோல் இன்ஜினியரிங் அடிப்படை.

இதில் முதலில் பார்க்க வேண்டியது 'குளிர்காலத்தில் மட்டும்'. நீங்கள் போவது கோடையில் என்றால் பாடம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் கிடையாது. அடுத்தது மொழி. இளநிலைப் பாடங்களில் பெரும்பகுதி ஜெர்மனில் நடக்கும், ஆங்கிலப் பாடங்கள் முதுநிலையில்தான் அதிகம். மூன்றாம் ஆண்டு பி.இ. மாணவர் ஆங்கிலத்தில் படிக்க விரும்பினால் முதுநிலைப் பாடத்தில்தான் உட்கார வேண்டிவரும். அதற்கு அங்கே அனுமதி உண்டா என்று பன்னாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். முன்தேவை என்ற கட்டத்தை நம்மவர்கள் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். அங்கே அது சம்பிரதாயம் இல்லை. முதல் வகுப்பிலேயே அது தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பேராசிரியர் தொடங்குவார்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தேர்வுக் கட்டம். பெரும்பாலான பாடங்களில் இன்டர்னல் மார்க் என்ற பேச்சே கிடையாது. அசைன்மென்ட்டுக்கு ஐந்து, அட்டெண்டன்ஸுக்கு ஐந்து, இரண்டு சைக்கிள் டெஸ்ட் என்று சிறுகச் சிறுகச் சேர்க்கும் வசதி இல்லை. செமஸ்டர் முழுவதற்கும் அந்த 90 நிமிடம்தான். வாரந்தோறும் பயிற்சித் தாள் ஒன்று கொடுப்பார்கள். சில பாடங்களில் அவற்றில் குறிப்பிட்ட அளவு மதிப்பெண் வாங்கினால்தான் தேர்வு எழுதவே விடுவார்கள், பல பாடங்களில் அதைச் செய்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்காத பாடம்தான் ஆபத்து. கேள்விகள் பெரும்பாலும் அந்தத் தாள்களின் சாயலில்தான் வரும்.

அடுத்தது, பாடத்தில் சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் பதிவாகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். தேர்வுக்குத் தனியாக இணையத்தில் பதிய வேண்டும், அதற்குச் சில வாரங்கள்தான் அவகாசம். தவறவிட்டால் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்திருந்தாலும் தேர்வு எழுத முடியாது. ஹால் டிக்கெட் கல்லூரியே கொடுக்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது புது விஷயம். போய் இறங்கியதும் அந்தத் தேதியைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வு உள்ள பாடங்களுக்குப் பேராசிரியரிடம் நேரம் வாங்க வேண்டும். சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கு அது ஒரு விதத்தில் வசதி.

எத்தனை, எவை?

30 கிரெடிட் எடுக்காதீர்கள். ஜெர்மன் மாணவர்களிலேயே பலர் அந்த வேகத்தில் போவதில்லை. நான்கு பாடம், 20 முதல் 24 கிரெடிட் போதும், உங்கள் ஒப்பந்தம் குறைந்தபட்சம் என்று வேறு ஏதும் சொல்லாத வரையில். அந்த நான்கில் ஒன்று ஜெர்மன் மொழியாக இருக்கட்டும். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1 முடித்துவிட்டுப் போனால் அங்கே ஏ2 வகுப்பில் சேரலாம். பல பல்கலைக்கழகங்கள் செமஸ்டர் தொடங்குமுன் செப்டம்பரிலோ மார்ச்சிலோ தீவிர மொழி வகுப்பு நடத்தி அதற்கும் கிரெடிட் தருகின்றன.

மீதி மூன்றில் நம்மவர்கள் பெரும்பாலும் மெஷின் லேர்னிங் அறிமுகத்தை எடுக்கிறார்கள். என்பிடெல்லில் இலவசமாகக் கிடைப்பதை ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய்ப் படிப்பானேன்? அந்த ஊரில் மட்டுமே கிடைப்பதைத் தேடுங்கள். கோவையிலோ திருப்பூரிலோ டெக்ஸ்டைல் படிப்பவர்களுக்கு டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஆகனிலும் ஜவுளி இயந்திரங்களுக்கென்றே ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. ஆடைத் துணியைத் தாண்டி, கார்பன் இழை, கட்டுமானத்துக்கான துணி என்று போகும் பாடங்கள் அங்கே உண்டு. மெக்கானிக்கல் உற்பத்தித் துறைக்கு ஆகனின் இயந்திரக் கருவி ஆய்வகம். சிவில், ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கு ஸ்டுட்கார்ட், மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூரைக்குப் பின்னால் இருந்த ஃப்ரை ஓட்டோ 1964-இல் தொடங்கிய இலகு கட்டமைப்பு ஆய்வு மரபு இன்றும் அங்கே தொடர்கிறது. சுரங்கம், உலோகவியல் என்றால் 1765 முதல் இயங்கும் ஃப்ரைபெர்க். காற்றாலை என்றால் ஓல்டன்பர்க். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே போய்ப் படிப்பதற்கு நிறைய இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒரு பாடமும், உங்கள் துறையில் கனமான ஒன்றும், செமினார் அல்லது லேப் ஒன்றும் என எடுத்தால் போதும். லேபில் நான்கைந்து பேர் குழுவாக வேலை செய்ய வேண்டியிருக்கும், ஜெர்மன் நண்பர்கள் கிடைப்பது அங்கேதான். விரிவுரை வகுப்பில் இருநூறு பேருக்கு நடுவே உட்கார்ந்து, கடைசியில் எல்லோரும் மேசையைத் தட்டிவிட்டுக் கலைந்து போவார்கள், பேச்சுக் கொடுக்கக்கூட நேரம் இருக்காது.

பட்டியலில் கூடுதலாக இரண்டு மூன்று பாடங்களுக்கு முன்கூட்டியே எச்.ஓ.டி.யின் ஒப்புதல் வாங்கி வையுங்கள். அட்டவணை கடைசி நேரத்தில்தான் வெளிவரும், அப்போது இரண்டு பாடம் ஒரே நேரத்தில் மோதும். போன ஆண்டு இதே செமஸ்டரின் அட்டவணையைப் பார்த்தால் மோதல் ஓரளவு முன்பே தெரியும். அதில் '10 சி.டி.' என்று இருந்தால் வகுப்பு பத்தேகாலுக்கு என்று பொருள். 'எஸ்.டி.' என்றால் சரியாகப் பத்து மணிக்கு.

இன்டர்ன்ஷிப்

செமஸ்டர் நடக்கும்போதே பாஷிலோ சீமென்ஸிலோ இன்டர்ன்ஷிப் செய்துவிடலாம் என்ற ஆசையை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். ஜெர்மன் கம்பெனிகளில் பொறியியல் இன்டர்ன்ஷிப் என்றால் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதம், முழுநேர வேலை. நான்கு பாடத்தோடு அது ஒத்துவராது. வேண்டுமென்றால் செமஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு உங்கள் கல்லூரி இன்னொரு செமஸ்டர் விட்டுத்தர வேண்டும்.

அப்படிக் கிடைப்பவர்கள் கம்பெனியின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். விருப்பத்தின் பேரில் செய்யும் இன்டர்ன்ஷிப் மூன்று மாதத்தைத் தாண்டினால் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும், 2026 ஜனவரி முதல் அது மணிக்கு 13.90 யூரோ. பாடத்திட்டத்தில் கட்டாயமாக உள்ள இன்டர்ன்ஷிப்புக்கு இந்த விதி இல்லை. அதனால் கட்டாயப் பயிற்சி என்று கடிதம் கொண்டுவருபவரைக் கம்பெனிகள் விரும்புகின்றன. உங்கள் கல்லூரி ரெகுலேஷனில் இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் இருந்தால், எத்தனை வாரம் கட்டாயம் என்பதைக் குறிப்பிட்டு கல்லூரி லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். இல்லாததை இருப்பதாக எழுதி வாங்காதீர்கள், அவர்கள் பாடத்திட்டத்தையே கேட்டுப் பார்ப்பார்கள்.

இரண்டாவது சிக்கல், பயிற்சி முடியும் வரை நீங்கள் எங்காவது மாணவராகப் பதிவாகி இருக்க வேண்டும் என்று கம்பெனி கேட்கும். பரிமாற்ற செமஸ்டர் முடிந்ததும் ஜெர்மன் பதிவு முடிந்துவிடும். அப்போது நம் கல்லூரியின் போனஃபைட் சர்டிபிகேட் போதுமா என்பதை நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். மூன்றாவது, தங்கும் அனுமதி. அது செமஸ்டரோடு முடிகிறது என்றால், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பேச வேண்டும். அங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம்.

ஒரே ஒரு செமஸ்டர்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கிடைக்கும் வேலை. பேராசிரியரின் ஆய்வுக் குழுவில் வாரம் எட்டு, பத்து மணி நேரம் உதவியாளராக இருப்பது, அங்கே அதை 'ஹிவி' என்பார்கள். மாணவர் விசாவில் 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் இந்த உதவியாளர் வேலை பொதுவாக அந்தக் கணக்கில் சேராது. சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் ஒரு சிறு பரிசோதனையை நீங்களே ஓட்டுவீர்கள், முனைவர் பட்ட மாணவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பார், திரும்பும்போது உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம் கையில் இருக்கும். பின்னாளில் முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது, பெரிய கம்பெனியில் எக்செல் தாள் நிரப்பிய அனுபவத்தைவிட இது எடுபடும்.

ஹிவி வேலைக்கு மின்னஞ்சல் எழுதும்போது 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம். எதிரில் இருப்பவர் பெண் பேராசிரியராக இருப்பார், முதல் வரியிலேயே கதை முடிந்தது. பெயரையும் பட்டத்தையும் சரியாக எழுதுங்கள். எட்டுப் பத்து வரி போதும். அவர்களுடைய கட்டுரை ஒன்றைப் படித்து அதில் உண்மையாகவே எழுந்த ஒரு சந்தேகம், உங்களுக்குக் கைவந்த ஒரு கருவி அல்லது மென்பொருள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருப்பீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். கூடவே சுயவிவரமும் மதிப்பெண் பட்டியலும் ஒரே பிடிஎஃப் கோப்பாக. ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஐம்பது பேருக்கும் அது தெரிந்துவிடும்.

செமஸ்டரே வேண்டாம், கோடை விடுமுறையில் ஆராய்ச்சி அனுபவம் மட்டும் போதும் என்பவர்கள் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் 'வைஸ்' உதவித்தொகையைப் பாருங்கள். குறிப்பிட்ட இந்தியக் கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு மட்டும்தான், முன்னதாகவே ஜெர்மன் பேராசிரியரின் அழைப்புக் கடிதமும் வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் ஏற்பாடு செய்கிறோம் என்று வரும் ஏஜென்ட்டுகளுக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். உண்மையான இன்டர்ன்ஷிப்பில் பணம் உங்களுக்கு வரும், உங்களிடமிருந்து போகாது.

வேலை எதுவானாலும் முடித்துக் கிளம்பும்முன் எழுத்துச் சான்றிதழ் கேளுங்கள். செய்த வேலையும் அதன் மதிப்பீடும் இருக்கும் சான்றிதழ், முடிந்தால் ஆங்கிலத்திலும் ஒன்று. ஊருக்கு வந்தபிறகு கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். தேர்வு முடிவுகள் அடங்கிய மதிப்பெண் பட்டியலும் உடனே வராது. கடைசித் தேர்வுக்குப் பிறகு ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம் என்பதை உங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அந்த செமஸ்டர் முழுவதும் ஆப்சென்ட் என்று ஏறிவிடும்.

குளிர்கால செமஸ்டருக்குக் கல்லூரிகள் பெயர் அனுப்பும் கடைசி நாள் பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் இருக்கும். கோடை செமஸ்டருக்கு அக்டோபர், நவம்பர். அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பாகவே எச்.ஓ.டி.யைப் பார்த்துவிடுங்கள்.